அம்மாவை முறை வைத்துப் பார்த்துக்கொள்ளலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 76 வயது. அப்பா போன பிறகு மன்னார்குடி வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார். அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விடுகிறார், பால்காரருக்கு ஒரே மாதத்தில் இரண்டு தடவை பணம் கொடுக்கிறார். டிமென்ஷியா, அதாவது மறதி நோய் என்கிறார் டாக்டர். பிள்ளைகள் மூவரும் சென்னை, கோவை, பெங்களூரில் இருக்கிறோம், ஆளுக்கு நான்கு மாதம் வைத்துக்கொள்வதாகப் பேசியிருக்கிறோம். அம்மா வரவே மறுக்கிறார். எப்படிச் சம்மதிக்க வைப்பது?
- வாசகி, கோவை

பதில்: இனி அவர் தனியாக இருக்கக் கூடாது என்பது சரி. யாராவது ஒருவர் இன்றைக்கே போய் உடன் இருங்கள். பி12, தைராய்டு, சோடியம் எல்லாம் பார்த்தாகிவிட்டதா என்றும் டாக்டரிடம் கேளுங்கள், அவற்றில் கோளாறு இருந்தாலும் மறதி கூடும், அதைச் சரிசெய்யவும் முடியும்.

ஆனால் அந்த நான்கு மாத முறை வேண்டவே வேண்டாம். பாரம் சமமாக இருக்கட்டும் என்றுதான் நினைத்திருப்பீர்கள், புரிகிறது. இந்த நோயில் பெரும்பாலும் முதலில் போவது புது ஞாபகம்தான், பழையது கடைசிவரை ஓரளவு நிற்கும். மன்னார்குடியில் ராத்திரி பாத்ரூமுக்கு அவர் யோசித்துப் போவதில்லை, கால் தானாகப் போகிறது. புது வீட்டில் அந்தப் பழக்கம் படிய மாதக்கணக்கில் ஆகும், படிந்த நேரத்தில் பெட்டியைக் கட்டி அடுத்த ஊருக்கு அனுப்பினால் பாவம், அவர் மறுபடி முதலிலிருந்து தடுமாறுவார். அதனால் ஒரே வீடு. பகலில் ஆள் இருக்கிற, மாடிப்படி ஏற வேண்டாத வீடாகப் பாருங்கள், பெரிய வீடா என்பதெல்லாம் அப்புறம். மற்ற இருவரும் பணம் கொடுத்தால் மட்டும் போதாது, முறை போட்டு அங்கே வந்து தங்கி, பார்த்துக்கொள்கிறவருக்கு ஓய்வு கொடுக்க வேண்டும், அது மருமகளாக இருந்தால் கட்டாயம்.

சம்மதம் பற்றி: எல்லாரும் சுற்றி உட்கார்ந்து நியாயம் பேசாதீர்கள். 'என்கூட வந்து இரும்மா' என்று ஒருவர் சொன்னால் போதும். காலையில் கிளம்புங்கள், சாயங்காலம் ஆனால் பலருக்குக் குழப்பம் கூடிவிடும். அவருடைய கட்டில், போர்வை, சாமி படங்கள் எல்லாம் முன்னாடியே போய்ச் சேரட்டும், படங்களைப் பழைய வரிசையிலேயே மாட்டுங்கள். பாத்ரூமில் ராத்திரி விளக்கு எரியட்டும், உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள். வெளியே போய்விட்டால் திரும்பி வர, உங்கள் போன் நம்பர் அவருடைய பர்ஸில் எப்போதும் இருக்கட்டும்.

வந்த பிறகும் 'வீட்டுக்குப் போகணும்' என்பார். 'இதுதாம்மா உன் வீடு' என்று மல்லுக்கு நிற்காதீர்கள். 'அங்கே யாரும்மா இருக்கா?' என்று கேளுங்கள், பல சமயம் அவர் கேட்பது மன்னார்குடி வீட்டைக்கூட அல்ல, பிறந்த வீட்டை. பேசவிட்டு ஒரு வாய் காபி கொடுங்கள்.

வீட்டில் சமாளிக்க முடியாத நிலை வந்தால் நல்ல பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பது பாவமில்லை. விவரம் கேட்க முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது, கட்டணமில்லை.

வங்கிக் கணக்கு, நாமினி, உயில் எல்லாவற்றையும் அவருக்குப் புரிந்து கையெழுத்துப் போட முடிகிற இப்போதே, அவர் விருப்பப்படியே செய்துவிடுங்கள். அவர் சார்பில் கையெழுத்துப் போட அதிகாரம் தரும் பவர் பத்திரம் எழுதி வாங்கிவிட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள், மனநிலை தவறிவிட்டால் அந்தப் பவர் செல்லாது, பிறகு நீங்கள் கார்டியன் ஆவதற்குக் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டியிருக்கும்.