எஞ்சின்ல ஓடுற வெல்டிங் மெஷின்ல இத்தனை நொப், சுவிட்ச் எதுக்கு? எதை எப்பிடி வைக்கணும்?

நீங்க அனேகமா கொழும்பு பஞ்சிகாவத்தை பக்கம் ஜப்பான் ரீகண்டிஷன் மெஷின் ஒண்டு எடுத்திருப்பீங்க, போர்டு முழுக்க ஜப்பான் எழுத்து, புக் இல்ல, வித்தவர் "ஸ்டார்ட் பண்ணி கரண்டைக் கூட்டுங்க பாஸ்" எண்டு அனுப்பியிருப்பார். இன்ஜினியர்மார் வந்து பிழை பிடிக்க வேணாம், நான் பட்டறையில படிச்ச ஆள்.

பெரிய நொப் கரண்ட் ரேஞ்ச், சின்னது அந்த ரேஞ்சுக்குள்ள கூட்டிக் குறைக்க. 3.2 மில்லி 6013 வெல்டிங் ரொட்டுக்கு 90க்கும் 130 ஆம்பியருக்கும் இடையில போதும். ஆர்க் (ரொட் நுனியில பத்துற நெருப்பு) எரியேக்க ரேஞ்சை மாத்தாதீங்க, உள்ளுக்க கொன்டாக்ட் கருகும். பழைய டிசி ஜெனரேட்டர் டைப்பெண்டா சின்ன நொப் வோல்ட்டேஜையும் மாத்தும், ரேஞ்சைக் கூட்டி அதைக் குறைச்சு வச்சா ரொட்டைக் கிட்டக் கொண்டு போகேக்க கரண்ட் ஏறும், பைப் வேலைக்கு அது நல்லம்.

இப்ப ரிமோட் சுவிட்ச், அதாவது கரண்டை போர்டு நொப்பால மாத்துறதா, வயர்ல சொருகிற ரிமோட்டால மாத்துறதா எண்டு தெரிவு செய்யிறது. வத்தளையில ஒரு கூரை வேலை, நான் அங்க கேட் பூட்டத்தான் போனது. மெஷின் ஓடுது, ஆனா ரொட் போய் ஒட்டுது, நொப்பை அந்தத்துக்கும் இந்தத்துக்கும் திருப்பினாலும் ஒரு மாற்றமும் இல்ல. சைட் சுப்பவைசர் கொயில் எரிஞ்சிட்டுது எண்டு சொல்லி மெஷினை ஏத்த லொறிக்கே கோல் எடுத்திட்டார். எட்டிப் பாத்தா சுவிட்ச் ரிமோட் பக்கம் கிடக்கு, ரிமோட் வயர் ஒண்டும் சொருகேல்ல, பிறகு எப்பிடி போர்டு நொப் வேலை செய்யும்? சுவிட்சை மற்றப் பக்கம் தட்டினன், உடன ஆர்க் பிடிச்சுது. அந்தாள் ஒரு தேங்க்ஸ் கூட இல்ல, "அதைத்தான் நானும் நினைச்சன்" எண்டார். லொறிக் காசை யார் குடுத்தது எண்டு நான் கேக்கேல்ல.

ஐடில் சுவிட்ச் (வேலை இல்லாத நேரம் எஞ்சினை மெதுவா ஓட வைக்கிறது) ஓட்டோவில இருந்தா ரொட் தட்டினவுடன எஞ்சின் ஸ்பீட் ஏறும், நிப்பாட்டி கொஞ்ச நேரத்தால இறங்கும், எண்ணெய் மிச்சம். ஆனா மெஷின் பிளக்ல சின்ன டிரில், சார்ஜர் குத்தினா சில மெஷினுக்கு அந்த லோட் விளங்காது, ஐடில்லயே கிடக்கும், வோல்ட்டேஜ் காணாது. அப்ப ஹைல, அதாவது முழு ஸ்பீடில வைங்க. இன்னொண்டு, ஜப்பான் மெஷின் பிளக் கனக்க 100 வோல்ட். எங்கட 230 கிரைண்டரைக் குத்திப்போட்டு "மெஷினுக்கு பவர் இல்ல" எண்டு திட்டாதீங்க, முதல்ல மீட்டரை வச்சுப் பாருங்க.

எண்ணெய் எண்டவுடன 2022 ஞாபகம் வருது. கரண்ட் கட்டால சனம் எஞ்சின் மெஷினைத் தேடி வந்த நேரம், பெற்றோல் செட்டில கேனுக்கு எண்ணெய் அடிக்க மாட்டம் எண்டிட்டாங்கள். வெல்டிங் மெஷினுக்கு நம்பர் பிளேட்டா இருக்கு, கொண்டு போய் கியூவில விட? பிறகு எண்ணெய் அளந்து குடுக்கிற கியூஆர் கோட் வந்தும் வாகனம் வச்சிருந்தவனுக்குத்தான் முதல்ல சுகம். வேலை கைக்கு வந்தும் செய்யேலாமப் போனதை இப்ப நினைச்சாலும் வயிறு எரியுது. அரசியல் கதைக்கிறன் எண்டு யாரும் சண்டைக்கு வராதீங்க, நடந்ததைத்தான் சொல்லுறன்.

சரி, நிப்பாட்டேக்க வெல்டிங்கை விட்டுட்டு எஞ்சினைக் கொஞ்ச நேரம் லோட் இல்லாம ஓட விட்டு நிப்பாட்டுங்க. போர்டைக் கிட்டவா ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க, எந்த சுவிட்ச் எது எண்டு பாத்துச் சொல்லுறன்.