30 நாள் கடந்தும் நகராட்சியின் மௌனம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

தகவல் பெறும் உரிமைச் சட்டம் தொடர்பாக வந்துள்ள கடிதங்களில் உள்ளாட்சி அலுவலகங்களின் தாமதத்தைப் பற்றிய மூன்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டு பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் தெருவில் நகராட்சி கட்டிய மழைநீர் வடிகாலின் மூடிப் பலகைகள் சில மாதங்களிலேயே உடைந்துவிட்டன. பணியின் மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களைக் கேட்டு விண்ணப்பித்தேன். இரண்டு மாதம் முடியப்போகிறது; பதில் இல்லை. நேரில் கேட்டால், “ஃபைல் பொறியியல் பிரிவில் இருக்கிறது, வந்ததும் அனுப்பிவிடுவோம்” என்கிறார்கள். நினைவூட்டுக் கடிதம் எழுதலாமா?
— வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: எழுத வேண்டாம். நீங்கள் எழுத வேண்டியது முதல் மேல்முறையீடு, அதாவது தகவல் தர வேண்டிய அலுவலருக்கு மேல்நிலையில் உள்ள அலுவலரிடம் செய்யும் முறையீடு; அதுவும் இந்த வாரத்துக்குள். விண்ணப்பம் கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் தகவலைத் தர வேண்டும், அல்லது காரணம் காட்டி மறுக்க வேண்டும் என்று 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7(1) பிரிவு கூறுகிறது. இரண்டும் நடக்காவிட்டால் தகவல் மறுக்கப்பட்டதாகவே கொள்ள வேண்டும் என்கிறது 7(2). அதாவது, உங்களுக்கு இன்னும் பதில் வரவில்லை என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்க, சட்டத்தின் கணக்கில் மறுப்பு ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு முன்பே வந்துவிட்டது. அந்த 30 நாள் முடிந்ததிலிருந்து அடுத்த 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்தாக வேண்டும். “அடுத்த வாரம் வாருங்கள்” என்று சொல்லும் அலுவலர் தீய எண்ணத்தோடுதான் சொல்கிறார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவருடைய ஒவ்வொரு அடுத்த வாரமும் உங்கள் மேல்முறையீட்டுக் காலத்திலிருந்துதான் கழிகிறது. நினைவூட்டுக் கடிதத்துக்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை. காலம் தவறிவிட்டாலும், தக்க காரணம் இருந்தால் மேல்முறையீட்டு அலுவலர் ஏற்றுக்கொள்ளலாம் என்ற விதிவிலக்கு உண்டு என்பதால் அதற்காகக் கைவிட்டுவிட வேண்டாம்.

பொறியியல் பிரிவில் கோப்பு இருப்பதாகச் சொல்வது தாமதத்துக்குக் காரணம் ஆகாது. ஒரே அலுவலகத்தின் ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்குத் தாள் போவதற்கு விண்ணப்பதாரர் பொறுப்பாளி அல்லர். விண்ணப்பங்களுக்குப் பதில் தரும் பொறுப்புடைய பொதுத் தகவல் அலுவலர் மற்ற எந்த அலுவலரின் உதவியையும் 5(4) பிரிவின்கீழ் கோரலாம். அப்படிக் கோரப்பட்டவர் ஒத்துழைக்காமல் சட்டம் மீறப்பட்டால், அவரையே பொதுத் தகவல் அலுவலராகக் கருத வேண்டும் என்கிறது 5(5). அபராதமும் அவர் தலையில் விழலாம். ஆகவே, “கோப்பு பொறியியல் பிரிவில் உள்ளதாக வாய்மொழியாகத் தெரிவிக்கப்பட்டது; 5(4) பிரிவின்கீழ் எந்தத் தேதியில், யாரிடம் கோரப்பட்டது என்பதைத் தெரிவிக்க வேண்டும்” என்ற வரியை மேல்முறையீட்டில் சேர்த்துவிடுங்கள். கோப்பு நகர்வதற்கு இந்த வரி பெரும்பாலும் போதுமானது.

நீங்கள் கேட்டிருப்பது அளவுப் புத்தகம் என்பதையும் கவனிக்க வேண்டும். அலுவலகத்தில் ‘எம் புக்’ என்று வழங்கும் இந்த ஏட்டில்தான், எத்தனை மீட்டர் நீளத்துக்கு, எவ்வளவு கனத்தில் கான்கிரீட் போடப்பட்டது என்பதைப் பொறியாளர் பதிவு செய்கிறார். ஒப்பந்ததாரருக்குப் பணம் பட்டுவாடா ஆவது அதன் அடிப்படையில்தான். தெருவில் நாடாவைப் பிடித்து அளந்தால் ஏட்டில் உள்ளதோடு ஒப்பிட்டுவிடலாம் என்பதால், மதிப்பீட்டைத் தரத் தயங்காத அலுவலகம்கூட இதைத் தரத் தயங்கும். முடிந்துபோன பணியின் இத்தகைய பதிவுகளை மறைக்க 8ஆம் பிரிவின் விலக்குகள் பொதுவாகப் பொருந்தா. நகல்களோடு நிற்க வேண்டியதும் இல்லை. பணியை ஆய்வு செய்வதும், பொருட்களின் சான்றளிக்கப்பட்ட மாதிரிகளைப் பெறுவதும் 2(ஜே) பிரிவின்படி தகவல் உரிமைக்குள் அடங்கும் என்பதால், உடைந்த பலகையின் மாதிரியைக் கேட்டுத் தனி விண்ணப்பம் ஒன்றும் போடலாம்.

முதல் மேல்முறையீட்டுக்குத் தமிழ்நாட்டில் கட்டணம் கிடையாது. காலக்கெடு தாண்டிவிட்டதால் நகல்களையும் 7(6) பிரிவின்படி இலவசமாகவே தர வேண்டும். அஞ்சலில் அனுப்பினால், மனு எந்த நாளில் அலுவலகத்தைச் சேர்ந்தது என்பதைக் காட்டும் சான்றைப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: எங்கள் பேரூராட்சியின் எல்லா வார்டுகளுக்கும் பத்தாண்டுச் சொத்து வரி விவரத்தைத் தெரு வாரியாகப் பட்டியலிட்டுத் தரும்படி கேட்டேன். 28ஆம் நாள், பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் பெருந்தொகை கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. காலம் கடத்தும் தந்திரம்தானே இது?
— வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: பாதி தந்திரமாக இருக்கலாம், மறு பாதிக்கு உங்கள் கேள்வியே இடம் கொடுத்துவிட்டது. கட்டணக் கடிதம் அனுப்பிய நாளுக்கும் நீங்கள் பணம் கட்டும் நாளுக்கும் இடைப்பட்ட காலம் 30 நாள் கணக்கில் சேராது என்று 7(3) கூறுவது உண்மை. ஆனால் கடிகாரம் அங்கே நிற்கிறதே ஒழிய, மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்குவதில்லை. 28ஆம் நாள் கடிதம் அனுப்பியவர்களுக்கு, நீங்கள் பணம் கட்டியபின் மிச்சம் இருப்பது 2 நாள்தான். தொகை எப்படி வந்தது என்ற கணக்கையும் அக்கடிதத்தில் காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லை என்றால் அதையே காரணமாக்கி மேல்முறையீடு செய்யலாம்.

மற்றபடி, பத்தாண்டு விவரத்தைத் தெரு வாரியாகப் பட்டியலிட்டுத் தாருங்கள் என்பது அலுவலகத்தில் இல்லாத ஒரு பட்டியலைப் புதிதாகத் தயாரிக்கச் சொல்வது. இருக்கும் ஆவணத்தைத்தான் தர வேண்டும், தொகுத்து உருவாக்கித் தரத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரிய வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. யார் எவ்வளவு வரி கட்ட வேண்டும் என்பதைக் குறிக்கும் வரி கேட்புப் பதிவேட்டில் உங்கள் வார்டின் இரண்டு ஆண்டுப் பக்கங்களை மட்டும் நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள்; முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. பார்த்துக் குறித்துக்கொண்டு, வேண்டிய பக்கங்களுக்கு மட்டும் நகல் கேட்டால் சில பத்து ரூபாயில் முடிந்துவிடும். அகலமாகக் கேட்கும் மனு, தாமதத்துக்கு நாமே எழுதிக் கொடுக்கும் அனுமதிச் சீட்டு.

கேள்வி: மேல்முறையீட்டு அலுவலரும் பதில் தரவில்லை. மாநிலத் தகவல் ஆணையத்துக்கு எழுதி மாதங்கள் பல ஆகிவிட்டன. இரண்டாம் மேல்முறையீட்டுக்குப் பதிலாக 18ஆம் பிரிவின்கீழ் புகார் கொடுத்தால் விரைவாக நடக்குமா?
— வாசகர், கோயம்புத்தூர் மாவட்டம்

பதில்: புகார் மட்டும் கொடுத்தால் தகவல் கிடைக்காது. 18ஆம் பிரிவுப் புகாரில் அபராதம் விதிக்கலாமே தவிர, தகவலைத் தரும்படி ஆணையிட ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்று மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. தகவல் வேண்டுமானால் 19(3) பிரிவின்கீழ் இரண்டாம் மேல்முறையீடுதான் வழி. முதல் மேல்முறையீட்டை 30 நாட்களுக்குள், காரணம் பதிவு செய்தால் 45 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் இரண்டாம் மேல்முறையீட்டுக்கு அங்கிருந்து 90 நாள் உங்களுக்கு உண்டு.

விண்ணப்பதாரருக்கும் அலுவலருக்கும் நாள் கணக்கை வகுத்த சட்டம், ஆணையம் எத்தனை நாளில் இரண்டாம் மேல்முறையீட்டை முடிக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டது. அந்த ஓட்டை உள்ளாட்சி அலுவலகங்களுக்கு நன்றாகத் தெரியும். மத்தியச் சட்டத்துக்கு எட்டாண்டுகளுக்கு முன், 1997லேயே தகவல் உரிமைக்கெனத் தனிச் சட்டம் இயற்றிய மாநிலத்தில் இந்த நிலை என்பது வருத்தத்துக்குரியது.

காத்திருக்கும் காலத்தில் 10 ரூபாய்க்கான நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி, அதே அலுவலகத்துக்குப் புதிய விண்ணப்பம் ஒன்று அனுப்புங்கள். உங்கள் பழைய மனுவின் தபால் பதிவு எண் என்ன, அது எந்தெந்த அலுவலரிடம் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தது, கோப்பில் அலுவலர்கள் கருத்தெழுதும் குறிப்புப் பக்கங்களின் நகல் ஆகியவற்றை மட்டும் கேளுங்கள். இவையெல்லாம் ஏற்கெனவே இருக்கும் பதிவுகள் என்பதால் தட்டிக்கழிப்பது கடினம். கிடைத்தால், விசாரணையின்போது தாமதம் யாருடையது என்பதற்கு அதுவே சான்று.

இரண்டாம் மேல்முறையீட்டு மனுவில் 20(1) பிரிவின்கீழ் அபராதத்தை வெளிப்படையாகக் கோரியிருக்கிறீர்களா என்று பாருங்கள். நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம், அதிகபட்சம் 25,000 ரூபாய் என்பதால் 100 நாள் தாமதத்திலேயே உச்ச வரம்பு எட்டிவிடும். நியாயமான முறையில் செயல்பட்டேன் என்று நிரூபிக்க வேண்டிய சுமை அலுவலருடையது. விசாரணைத் தேதி குறிக்கப்பட்டதும், அதுவரை கிடைக்காத தகவல் திடீரென்று கிடைக்கலாம். “தகவல் கிடைத்தது, மேல்நடவடிக்கை தேவையில்லை” என்று எழுதித் தரவும் கேட்பார்கள். எழுதிக் கொடுப்பதானால், தகவல் கிடைத்த தேதியையும் தாமதமான நாட்களின் எண்ணிக்கையையும் குறிப்பிட்டு, அபராதக் கோரிக்கை தொடர்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.