ஜெபக் குறிப்பாகிப்போன இரகசியம்

கேள்வி: எங்கள் சபையில் 11 ஆண்டுகள் ஞாயிறு பள்ளி ஆசிரியையாக இருந்தேன். எனக்கும் என் கணவருக்கும் இடையே பிரிந்துவிடும் அளவுக்கு மனத்தாங்கல் ஏற்பட்டபோது, பெண்கள் ஜெபக் குழுவின் தலைவியிடம் மட்டும் அழுது சொன்னேன். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். இரண்டு வாரங்களில் அது குழுவின் வாட்ஸ்அப்பில் ஜெபக் குறிப்பாக வந்துவிட்டது. போதகரிடம் முறையிட்டேன். "அவர் நல்ல எண்ணத்தில்தான் செய்தார், மன்னித்து மறந்துவிடுங்கள்" என்றார். அடுத்த மாதமே, எனக்கு ஓய்வு தேவை என்று சொல்லி என் வகுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். நான்கு மாதங்களாக ஆராதனைக்குப் போகவில்லை. வேதத்தைத் திறந்தால் மனம் மூடிக்கொள்கிறது. எனக்குள் கசப்பின் வேர் முளைத்திருக்கிறது என்கிறாள் தோழி. என் விசுவாசம் குறைந்துவிட்டதா? நான் திரும்பிப் போக வேண்டுமா, சபையை மாற்றிக்கொள்ளலாமா? வகுப்பில் இருந்த பிள்ளைகளின் முகம்தான் கண்ணுக்குள் நிற்கிறது.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். உங்களுக்கு நேர்ந்தது நம்பிக்கைத் துரோகம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதுவரை ஒருவரும் உங்களிடம் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை என்று தோன்றுகிறது. இரகசியம் காக்கும்படி கேட்டுக்கொண்ட ஒருவரின் குடும்பத் துயரத்தை, அவருடைய அனுமதியின்றிப் பலர் முன் வைப்பது, ஜெபத்தின் பெயரால் செய்யப்பட்டாலும் புறங்கூறுதலே ஆகும். புறங்கூறித் திரிகிறவன் இரகசியத்தை வெளிப்படுத்துகிறான், உண்மையுள்ளவனோ அதை அடக்கிக்கொள்கிறான் என்று நீதிமொழிகள் 11:13 சொல்லும்போது, நல்ல எண்ணத்தில் வெளிப்படுத்துகிறவருக்கு விலக்கு எதையும் அளிக்கவில்லை. உங்களுக்காக ஜெபிக்க விரும்பியிருந்தால், "ஒரு சகோதரியின் குடும்பத்துக்காக" என்ற சொற்களே போதுமானவையாக இருந்திருக்கும்.

விசுவாசம் குறைந்துவிட்டதா என்று கேட்கிறீர்கள். 55-ஆம் சங்கீதத்தைப் பாருங்கள். தன்னை நிந்தித்தவன் பகைவனாக இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன், ஆனால் அவன் என் தோழன், இருவரும் மனமொத்துப் பேசி, கூட்டத்தோடு ஆலயத்துக்குப் போனவர்கள் என்று அதைப் பாடியவர் கதறுகிறார். சேர்ந்து ஆலயத்துக்குப் போனவரால் வந்த காயம் மற்றக் காயங்களைவிட ஆழமானது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. 88-ஆம் சங்கீதமோ இன்னும் ஒரு படி மேலே போகிறது. வேறு புலம்பல் சங்கீதங்களைப் போல இறுதியில் துதிக்குத் திரும்பாமல், நண்பர்களைத் தூரமாக்கிவிட்டீரே என்ற முறையீட்டோடேயே முடிந்துவிடுகிறது. அப்படி முடிந்த ஜெபமும் வேதத்தில் இடம்பெற்றிருக்கிறது. ஆகவே மனம் மூடிக்கொள்ளும் நாட்களில் உங்களுக்கென்று புதிய சொற்களைத் தேட வேண்டியதில்லை. அந்தச் சங்கீதத்தை மெதுவாக வாசித்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். அன்றைய ஜெபம் அதுவே.

உங்கள் தோழி அன்பினால்தான் எச்சரித்திருப்பார். ஆனாலும் அந்த வசனம் பயன்படுத்தப்படும் விதம் எனக்கு நெடுநாளாகவே வருத்தம் தருகிறது. எபிரெயர் 12:15-இல் வரும் கசப்பான வேர் என்ற தொடர், உபாகமம் 29-ஆம் அதிகாரத்தில் கடவுளை விட்டு வேறு தெய்வங்களின் பக்கம் மனம் திரும்புகிறவனைக் குறித்துச் சொல்லப்பட்டதன் எதிரொலி. காயப்பட்டவர் வலிக்கிறது என்று சொல்லும்போது அவர் வாயை அடைப்பதற்கு அது எழுதப்படவில்லை. நான்கு மாதங்களாக வலிப்பது கசப்பு ஆகாது. 11 ஆண்டுகள் உறவாக நினைத்த ஓரிடத்தை இழந்தவரின் துக்கம் அது.

மன்னிப்பைப் பற்றித்தான் அதிகம் எழுத விரும்புகிறேன். "மன்னித்து மறந்துவிடுங்கள்" என்ற அறிவுரையில் மன்னிப்பு, மறதி, மீண்டும் நம்புதல், பேசாதிருத்தல் ஆகிய நான்கும் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டு உங்கள் தோளில் ஏற்றப்பட்டிருக்கின்றன. வேதம் உங்களிடம் கேட்பது அவற்றில் முதலாவதை மட்டுமே. யோசேப்பின் கதையை நீங்களே எத்தனையோ முறை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பீர்கள். தன்னை விற்றுப்போட்ட சகோதரர்கள் தானியம் வாங்க வந்து நின்றபோது அவன் அவர்களை விட்டு அப்பால் போய் அழுதான்; ஆனாலும் உடனே தன்னை வெளிப்படுத்திக்கொள்ளவில்லை. மூன்று நாள் காவலில் வைத்தான், அவர்களில் ஒருவனான சிமியோனைப் பிடித்து வைத்துக்கொண்டான். கடைசித் தம்பி பென்யமீனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று அண்ணன் யூதா முன்வந்து நின்றபோதுதான், அதாவது அவர்கள் மாறியிருக்கிறார்கள் என்பதைத் தன் காதால் கேட்ட பின்புதான், நான் யோசேப்பு என்று சொன்னான். பழிவாங்கும் உரிமையைக் கைவிடுவதற்கு எதிராளியின் ஒப்புதல் தேவையில்லை. அது உங்களுக்கும் கடவுளுக்கும் இடையே, நாளாக நாளாக நடப்பது. நம்பிக்கையோ அவருடைய நடத்தையைப் பார்த்துத்தான் திரும்ப வரும். அந்தத் தலைவியை மன்னித்த பிறகும், உங்கள் குடும்ப விஷயத்தை அவரிடம் இனி ஒருபோதும் சொல்லாதிருக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

பேசாதிருப்பதையும் வேதம் கேட்கவில்லை. மத்தேயு 18:15-இல் இயேசு காட்டும் முதல் படி, குற்றம் செய்தவரிடம் தனியே போய் அவருடைய குற்றத்தை உணர்த்துவது. போதகரிடம் போய்விட்டீர்கள்; அந்தத் தலைவியிடம் நேரே பேசியதாக நீங்கள் எழுதவில்லை. இயலுமென்றால் பேசுங்கள், நேரில் பேச நடுங்கினால் எழுதுங்கள். அவர் எப்படிப்பட்டவர் என்பதை எழுதாமல், என்ன செய்தார், அதனால் உங்கள் வீட்டில் என்ன நேர்ந்தது, இப்போது என்ன வேண்டும் என்பதை மட்டும் எழுதுங்கள். அந்தப் பதிவை நீக்கவும், சொன்னது தவறு என்று அதே குழுவில் ஒப்புக்கொள்ளவும் கேட்பது நியாயமானது. அவர் செவிகொடுக்காவிட்டால், அதே பகுதி சொல்கிறபடி, நீங்கள் மதிக்கும் ஒருவரோ இருவரோ உடன்வரப் போகலாம். வகுப்பை எடுத்துக்கொண்டது ஏன் என்று போதகரிடம் நேரடியாகக் கேளுங்கள். ஓய்வு என்பது கேட்டவருக்குக் கொடுப்பது. (அடி, பாலியல் அத்துமீறல், குழந்தைகளுக்குத் தீங்கு போன்றவற்றில் இந்தப் படிகளை எவர்மீதும் திணிக்கக் கூடாது, அவை காவல்துறைக்கும் சட்டத்துக்கும் உரியவை.)

திரும்பிப் போவதா, மாறுவதா என்பதை நான் தீர்மானிக்க முடியாது. இந்த மாதத்தில் நீங்களும் தீர்மானிக்க வேண்டாம் என்பதே என் எண்ணம். ஊழியப் பயணத்துக்கு மாற்கு என்ற உடன் ஊழியரைக் கூட்டிக்கொண்டு போவதைப் பற்றி அப்போஸ்தலர்களான பவுலுக்கும் பர்னபாவுக்கும் கடுமையான வாக்குவாதம் மூண்டு, ஒருவர் சீப்புரு தீவுக்கும் மற்றவர் சீரியா, சிலிசியா வழியாகவும் பிரிந்துபோனதை அப்போஸ்தலர் நடபடிகள் 15-ஆம் அதிகாரம் மறைக்காமல் எழுதியிருக்கிறது. பிரிந்ததனால் இருவரில் ஒருவரையும் விசுவாசத்தை விட்டவர் என்று அது சொல்லவில்லை. பிற்பாடு தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, மாற்குவை அழைத்துவா, அவன் எனக்குப் பயனுள்ளவன் என்று பவுலே கேட்கிறார். இடையில் ஆண்டுகள் பல கடந்திருந்தன. நீங்கள் முடிவெடுக்கும் வரை வேறொரு சபையின் கடைசி வரிசையில், எந்தப் பொறுப்பும் ஏற்காமல் சில வாரங்கள் உட்கார்ந்து பாருங்கள். உங்கள் கணவருடனான சிக்கலுக்கு, இந்தச் சபையோடு தொடர்பில்லாத, இரகசியம் காப்பதைத் தொழில்நெறியாகக் கொண்ட ஆலோசகர் ஒருவரை இருவருமாகச் சந்தியுங்கள். இவ்வளவு பேச்சுக்கு நடுவே அந்தத் துயரம் கவனிப்பாரற்று நின்றுவிடக் கூடாது.

பிள்ளைகளின் முகம் கண்ணுக்குள் நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். ஆசிரியை ஏன் வரவில்லை என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தாங்கள் ஏதோ தவறு செய்துவிட்டதாகக்கூடச் சிலர் நினைத்திருக்கலாம். அவர்களுடைய பெற்றோர் வழியாக ஒவ்வொருவருக்கும் இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். அதற்குத் திரும்பிப் போவதைப் பற்றிய எந்த முடிவும் தேவையில்லை.