கண்ணாடியில் ஒட்டிய நூல்

வணக்கம் ஐயா,

ஈசூனில் வீவக வீட்டில் இருக்கிறோம். தொடக்கநிலை மூன்றில் படிக்கும் மகனுக்காக 30 லிட்டர் தொட்டி வைத்து மூன்று மாதமாகிறது. செடிகளும் பன்னிரண்டு செர்ரி இறால்களும் மட்டும்தான், மீன் இல்லை. போன வாரத்திலிருந்து தண்ணீரில் வெள்ளைப் புள்ளிகள் துள்ளுகின்றன. மணலில் முடிபோன்ற புழுக்கள் நெளிகின்றன. நேற்று கண்ணாடியில் நூல் மாதிரி ஒன்று, நுனியில் நாலைந்து இழைகளோடு ஒட்டியிருந்தது. மாமியார் எல்லாவற்றையும் கொட்டிக் கழுவச் சொல்கிறார். டெங்கிக் கொசுவோ என்றும் பயம். மகன் கையை விடுகிறானே, நோய் வருமா?

- ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில், தொட்டியைக் கொட்டாதீர்கள். இறாலின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவின் நஞ்சை முறிக்கும் நுண்ணுயிர்கள் ஃபில்டரிலும் மணலிலும் இதற்குள் குடியேறியிருக்கும். நம் குழாய்த் தண்ணீரில் கிருமிகளைக் கொல்லும் குளோரமின் இருக்கிறது. அதில் எல்லாவற்றையும் கழுவினால் அவை செத்துப்போகும், பின்னாலேயே இறால்களும் போகும்.

நீங்கள் பார்த்தவை மூன்று வேறு உயிர்கள். பெரும்பாலும் கடையில் வாங்கிய செடியோடு வந்திருக்கும். இவ்வளவு சிறியதை அடையாளம் காண, அது எப்படி நகர்கிறது என்று பார்ப்பதுதான் நல்ல வழி. விட்டுவிட்டுத் துள்ளினால் சைக்ளோப்ஸ், இறாலின் தூரத்து உறவு. லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒற்றைக் கண் தெரியும், பெண்ணாக இருந்தால் வால் பக்கம் இரண்டு முட்டைப் பைகளும் தெரியும். எள்ளுக்குக் கால் முளைத்ததுபோல் உருண்டு ஓடினால் ஆஸ்ட்ரகாட், அதுவும் இறாலின் தூரத்து உறவுதான். மணலில் நெளியும் முடிபோன்றவை மண்புழுவின் இனம். மிஞ்சிய தீனியில் பெருகும், இறாலை ஒன்றும் செய்யாது.

உங்கள் மாமியாரின் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். ஒரு காலத்தில் ஊரில் படிக்கிணற்றுத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு நரம்புச்சிலந்தி என்ற புழு நோய் வந்தது சைக்ளோப்ஸ் வழியாகத்தான். ஆனால் நோயாளியின் புண்ணிலிருந்து அந்தப் புழுவின் குஞ்சுகள் தண்ணீரில் இறங்கினால்தான் அது பரவும். இந்தியாவில் கடைசி நோயாளி 1996இல். 2000இல் அங்கே நோய் ஒழிந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் சான்று கொடுத்துவிட்டது. உங்கள் தொட்டியில் அதற்கு வழியே இல்லை என்று அவரிடம் சொல்லுங்கள். மகன் கையில் புண் இல்லாதபோது விடட்டும், அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவட்டும்.

கொசுப்புழு மணலில் வாழாது. நீர்மட்டத்தில் தொங்கும், நிழல் பட்டால் நெளிந்து கீழே போகும். ஆனாலும் கொசுப்புழுவைத் தின்ன மீன் இல்லாத தொட்டி, டெங்கியைப் பரப்பும் ஏடிஸின் முட்டை கொசுவாக ஒரு வாரம் போதும். ஃபில்டர் ஓடிக்கொண்டே இருக்கட்டும், மேல்மட்டத்தைத் தினமும் ஒரு பார்வை பாருங்கள்.

சரி, அந்த நூலுக்கு வருகிறேன். அது ஹைட்ரா, நன்னீரில் வாழும் ஒரு குட்டி விலங்கு. ஈர்க்குச்சியால் தொடுங்கள், புள்ளியாகச் சுருங்கிவிடும். தயவுசெய்து இதை மகனுக்குக் காட்டுங்கள். 1740இல் நெதர்லாந்தின் ஹேக் நகருக்குப் பக்கத்தில் இரண்டு சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார் ஆபிரகாம் டிரெம்ப்ளி. குட்டையிலிருந்து எடுத்த ஹைட்ராக்களை ஜாடியில் வைத்திருந்தார். செடியா விலங்கா என்று அவருக்குப் பிடிபடவில்லை. வெளிச்சம் விழும் பக்கத்துக்கு அவை மெல்ல நகர்ந்து சேர்ந்தன. ஜாடியைத் திருப்பி வைத்தார், மறுபடி வெளிச்சப் பக்கமே வந்தன. ஒன்றை இரண்டாக வெட்டினார். இரண்டு துண்டும் இரண்டு முழு உயிராக வளர்ந்தன! ஒரு ஜாம் பாட்டிலில் தொட்டித் தண்ணீரோடு ஹைட்ராவையும் எடுத்து, நேர் வெயில் படாத சன்னலோரம் வைத்தால் உங்கள் மகனும் அந்த நகர்வைப் பார்க்கலாம்.

துண்டிலிருந்தும் வளரும் என்பதால் தொட்டிக்குள் நசுக்க வேண்டாம். ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சி எடுங்கள். பெரிய இறால்களுக்கு ஆபத்தில்லை, குஞ்சுகளைத்தான் பிடித்துவிடும். தீனியைப் பாதியாகக் குறையுங்கள், இரை குறைந்தால் ஹைட்ராவும் குறையும்.

நான் கவலைப்படுவது நீங்கள் எழுதாத ஒன்றைப் பற்றி. இரவு விளக்கை அணைத்துச் சற்று நேரம் கழித்து டார்ச்சு அடித்துப் பாருங்கள். நெளியாமல், வழுக்கிக்கொண்டே போகும் தட்டையான புழு, அம்புமுனைத் தலை, இரண்டு கண்புள்ளி தெரிந்தால் அது பிளனேரியா, இறாலையே தின்னும். அதற்கான மருந்துகள் சிலவற்றில் இருப்பது நம் வெற்றிலைத் தட்டுப் பாக்கின் சாரம்தான். அதற்காகப் பாக்கைத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள், அளவு தவறினால் எல்லாம் போய்விடும். அந்த மருந்து நத்தைகளுக்கும் ஆகாது. அப்படி ஏதாவது கண்ணில் பட்டால், மருந்து வாங்கும் முன் தலை தெரியும்படி ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்கள்.