யூரியாவைக் குறைத்தால் பூமிக்கு என்ன லாபம்?

தேவகோட்டைப் பக்கமிருந்து ஒரு விவசாயி கேட்கிறார்: "பூமி தாங்கும் ஒன்பது எல்லைகளில் ஏழைத் தாண்டிவிட்டோமாம், அதில் யூரியாவும் சேர்த்தியாம். நான் கண்மாய்ப் பாசனத்தில் குறுகிய கால நெல் நடுகிறேன். ஏக்கருக்கு நாலு மூட்டை யூரியா. நிறுத்திவிட வேண்டுமா?"

நிறுத்த வேண்டாம், குறையுங்கள்.

உங்கள் கண்மாயில் கலுங்கைக் கரையைவிடத் தாழ்வாகத்தான் கட்டியிருப்பார்கள். தண்ணீர் அந்த மட்டத்துக்கு மேல் ஏறினால் உடனே கரை உடையாது. ஆனால் அன்றைக்கு ராத்திரி கரைக்கு ஆள் போக வேண்டும். 2009-இல் யோகான் ராக்ஸ்ட்ராம் தலைமையில் விஞ்ஞானிகள் வகுத்த எல்லைகளும் அப்படித்தான், ஆபத்துக்குச் சற்றுக் கீழேயே போட்ட கோடுகள். என்ன, கண்மாய்க்கு மிச்சத் தண்ணீரை வெளியே விடக் கலுங்கு இருக்கிறது. பூமிக்கு அதுவும் கிடையாது.

மனிதர்கள் காற்றிலிருந்து பிடித்து மண்ணில் சேர்க்கும் தழைச்சத்துக்கு, அதாவது நைட்ரஜனுக்கு, 2015-இல் கணக்கைத் திருத்தியபோது ஆண்டுக்கு 6.2 கோடி டன் என்று கோடு போட்டார்கள். 2023 கணக்குப்படி சேர்ப்பதோ சுமார் 19 கோடி டன். பெரும்பகுதி உரம்.

இப்போது உங்கள் வயலுக்கு வருவோம். 45 கிலோ மூட்டையில் தழைச்சத்து 46 சதவீதம், அதாவது 20 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். நாலு மூட்டைக்கு 83 கிலோ. காவிரி டெல்டாவும் கோவைப் பகுதியும் நீங்கலான இடங்களில் குறுகிய கால நெல்லுக்கு வேளாண் பல்கலைக்கழகப் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்கு 120 கிலோ. ஏக்கருக்கு 49 கிலோ, இரண்டேகால் மூட்டை சொச்சம். புழுதி விதைப்பானால் இன்னும் குறையும். மண் பரிசோதனை செய்திருந்தால் அந்த அட்டை சொல்வதையே கேளுங்கள்.

மிச்சம் எங்கே போகிறது? கொஞ்சம் காற்றில் நைட்ரஸ் ஆக்சைடாக. அது கரியமில வாயுவைப்போல ஏறக்குறைய 270 மடங்கு சூடாக்கும். கொஞ்சம் கிணற்றுக்கும் கீழ்க் கண்மாய்க்கும். குடிக்கிற ஊருணியில் கால் நனைக்க விடாத நாம்தான் இதைச் செய்கிறோம். பயிரிலேயே தங்குவதும் நல்லதில்லை: கருகருவென்று பச்சை கட்டும், புகையான் பூச்சியும் குலை நோயும் தேடி வரும், கதிர் பிடித்ததும் சாயும்.

அளவு பார்க்க இலை வண்ண அட்டை போதும்; வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை எண் போட்ட பட்டைகள் அதில் இருக்கும். நட்ட 14-ஆம் நாள் தொடங்கி வாரம் ஒருமுறை, காலையில், பத்துப் பயிரில் முழுதாக விரிந்த இளம் இலையை அட்டையோடு ஒட்டிப் பாருங்கள். வெயில் படாமல் உங்கள் நிழலை அதன்மேல் விழவிடுங்கள். ஆறு இலையாவது 4-க்குக் கீழே வெளுத்திருந்தால் மட்டும் உரம். வெள்ளைப் பொன்னிக்கு 3. வானம் மூட்டமாக இருக்கிற அன்றைக்கு மூட்டையைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள்.