டீச்சர் பதில்கள்: குருவித் தீனியும் அணிலும்

கேள்வி: டீச்சர், புறவாசல் மாமரத்துக் கொப்பில் ஒரு பிளாஸ்டிக் தீனிக்குடுவை மாட்டி, தினையும் பொடியரிசியும் போட்டு வருகிறேன். சில்லைக் குருவிகள் கூட்டமாக வந்துகொண்டிருந்தன. இப்போது விடியுமுன்னே இரண்டு அணில்கள் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. குடுவையின் வாயையும் கடித்துப் பெரிதாக்கிவிட்டன. குருவிகள் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகின்றன. என்ன செய்யட்டும்?
வாசகி, கருங்கல்

பதில்: மக்களே, முதலில் குடுவையை மாமரத்திலிருந்து இறக்குங்கள். அந்தக் கொப்பு அணில் தினமும் ஓடுகிற பாதை. அங்கே எதைத் தொங்கவிட்டாலும் முதல் பந்தி அதற்குத்தான்.

எங்கள் வீடு திருவட்டாறுக்குப் பக்கம். ஓய்வு பெற்ற வருஷம் நானும் பலாமரத்தில்தான் மாட்டினேன். கயிற்றை நீளமாக விட்டுப் பார்த்தேன், இறங்கி வந்தது. கயிற்றை மாற்றி மெல்லிய கம்பி கட்டினேன், அதிலும் வந்தது. பின்கால் நகங்களைக் கம்பியில் கொளுவிக்கொண்டு, தலை கீழே தொங்க, முன்கை இரண்டாலும் தினையை அள்ளி அள்ளித் தின்றது. அணிலின் பின்பாதம் கணுவோடு பின்பக்கம் திரும்பும். அதனால்தான் மரத்தில் தலைகீழாக அப்படி ஓடி இறங்குகிறது. கம்பியும் கயிறும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

எலி ஏறாமல் இருக்கத் தென்னைக்குத் தகரம் சுற்றுவோம் அல்லவா, எனக்கு வழி கிடைத்தது அதில்தான். எட்டடி நீள இரும்புக் குழாய் ஒன்று வாங்கி, ஒன்றரை அடியை மண்ணுக்குள் இறக்கிச் சல்லி போட்டு இறுக்கினேன். உச்சியில் தீனித்தட்டு. தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் ஒரு தகரப் பாவாடை. மழைக்காலத்தில் ரப்பர் மரத்துக்குப் பிளாஸ்டிக்கில் கட்டுவார்களே, அந்த வடிவம்தான். அகலம் இரண்டடிக்குக் குறையக் கூடாது. மார்த்தாண்டத்தில் ஒரு தகரக்கடையில் வெட்டி வளைத்துத் தந்தார்கள். ஓரத்தை மடக்கித் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கையைக் கிழிக்கும்.

ஒரு வாரம் நிம்மதி. எட்டாம் நாள் காலையில் பார்த்தால் தட்டில் அணில்! அன்று முழுக்க அடுக்களை ஜன்னலில் நின்று பார்த்தேன். கிணற்றுச் சுவரில் ஏறி, அங்கிருந்து துணிக்கொடியில் நடந்து வந்து, நடுவில் நின்று இரண்டு முறை தலையை மேலும் கீழும் ஆட்டி அளவு பார்த்து, தாவியது. டேப் வைத்து அளந்தேன். கொடிக்கும் தட்டுக்கும் நடுவே ஐந்தடி. கொடியை வேறு பக்கம் மாற்றிக் கட்டினேன், அதோடு நின்றது. ஆகவே கம்பத்தைச் சுற்றி எந்தப் பக்கமும் பத்தடிக்குள் மரமோ, மதிலோ, கூரை விளிம்போ, கொடியோ இருக்கக் கூடாது. கம்பத்தை நடுவதற்கு முன்பே இதை அளந்துவிடுங்கள்.

மிளகாய்ப்பொடி கலக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். பறவைக்குக் காரம் உறைக்காது என்பது உண்மை. காரத்தை உணரும் ஏற்பியை, அதாவது நரம்பணுக்களிலுள்ள ஒரு புரதத்தை, 1997-ல் கண்டறிந்த அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது. கோழியின் உடம்பிலுள்ள அதே ஏற்பி மிளகாய்க்கு அசைவதில்லை என்பதை அவருடைய ஆய்வகமே 2002-ல் காட்டியது. நம் விளைகளில் யாரும் நடாமலே காந்தாரி மிளகாய்ச் செடி முளைப்பதும் இதனால்தான்: கொண்டைக்குருவி பழத்தை முழுங்கி, விதையை வேலியோரம் போட்டுவிட்டுப் போகிறது. நானும் காந்தாரிப் பொடியைத் தேங்காயெண்ணெய் விட்டுத் தினையில் பிசறி வைத்துப் பார்த்தேன். அணில் இரண்டு வாய் தின்றுவிட்டு, மதில்மேல் உட்கார்ந்து முன்கையால் முகத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. அன்றோடு விட்டுவிட்டேன்.

அதன் பங்கை அதற்குக் கொடுத்துவிடுங்கள். பலாமரக் கவட்டையில் ஒரு சிரட்டையைக் கட்டி, தினமும் காலையில் தேங்காய்க் கீற்று நாலைந்தும் ஒரு துண்டுப் பழமும் வைக்கிறேன். வாழை குலை தள்ளியிருந்தால் கூம்பை ஒடிக்காமல் சில நாள் விட்டுவைப்பேன், பூவிலுள்ள தேனைக் குடிக்க வரும். அயினி என்கிற காட்டுப் பலா பழுக்கும் காலத்தில் சிரட்டை அப்படியே கிடக்கும்.

இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையிலும் ஐப்பசி மழையிலும் தட்டில் ஒரு பிடிக்கு மேல் போடாதீர்கள். நனைந்த தீனி பூசணம் பிடிக்கும், குருவிக்கு நோய் வரும். மூன்று நாளுக்கு ஒருமுறை தட்டைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்த பிறகே மறுபடி நிரப்புங்கள். மாசி வாக்கில் வரும் கும்பப்பூ நெல் அறுவடையில் நாலு பிடி கதிர் கிடைத்தால் அதையும் கம்பத்தில் கட்டுங்கள், சில்லைகளுக்கு அதைவிடப் பிரியமான தீனி இல்லை.

கேள்வி: கம்பத்தில் கிரீஸ் தடவினால் அணில் வழுக்கிவிடும் என்கிறார்களே?
வாசகர், தக்கலை

பதில்: வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். பக்கத்து வீட்டில் ஒருமுறை அப்படித் தடவினார்கள். வயிறெல்லாம் கிரீஸ் அப்பிய ஒரு அணில் எங்கள் கிணற்றடிக்கு வந்து, ரோமத்தை நக்கி நக்கிச் சுத்தம் செய்யப் பார்த்தது. ரோமம் ஒட்டிக்கொண்டு தோல் தெரிந்தது, நக்குவதெல்லாம் வயிற்றுக்குள்தானே போகும். பிடிக்கப் போனேன், ஓடிவிட்டது. பிறகு அதை நான் பார்க்கவில்லை. கிரீஸ் பறவையின் இறகில் பட்டாலும் இதே கதிதான். தடவியிருந்தால் இன்றைக்கே மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.