மடியில் கனம் யாருக்கு?

கேள்வி: எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு போலீஸ் கேமரா வைத்த பிறகு நிம்மதியாக இருக்கிறோம். சில பேர் மட்டும் அந்தரங்கம், தனியுரிமை என்று கூச்சல் போடுகிறார்கள். மடியில் கனமில்லை என்றால் வழியில் ஏன் பயம்?
(பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: வெளியிடவில்லை. பயப்படாமல் மேலே படியுங்கள்.

அந்தப் பழமொழியில் மடியில் கனம் வைத்திருப்பவன் யார்? திருடனா? நெல் விற்ற காசை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு பொழுது சாய்ந்த நேரத்தில் ஊர் திரும்புகிற சம்சாரி ஐயா அவன்! திருடன் புளியமரத்துக்குப் பின்னால் நிற்கிறான். அவன் மடி காலி. அந்த வழியில் பயமே இல்லாமல் நடக்கக்கூடிய ஒரே ஆள் அவன்தான். ஆக, பழமொழிப்படி பயப்படுகிறவன் யோக்கியன். பயமில்லாதவனைத்தான் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போக வேண்டும். இதை யார் தலைகீழாகக் கவிழ்த்தார்கள் என்று தெரியவில்லை. எனக்குப் பட்டிமன்றப் பேச்சாளர்கள் மேல்தான் சந்தேகம். கைதட்டல் கிடைக்கும் என்றால் திருக்குறளையே திருப்பிப் போடுகிற கூட்டம் அது. அவர்களைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதி எழுதி எனக்கு மேடையே கிடைக்காமல் போனது தனிக் கதை.

சரி, இப்போது மடியில் காசு கிடையாது. 200 கிராம் செல்போன் இருக்கிறது. வங்கிக் கணக்கு, சர்க்கரை ரிப்போர்ட், மைத்துனர் திருப்பித் தராத கடன், மேலதிகாரியைப் பற்றி நண்பருக்கு அனுப்பிய குரல் பதிவு எல்லாம் அதற்குள். 2025 நவம்பர் கடைசியில் மத்திய தொலைத்தொடர்புத் துறை, இனி விற்கும் போன்களில் ‘சஞ்சார் சாத்தி’ செயலியை ஏற்றியே விற்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. திருட்டுப் போனை முடக்கவும் மோசடி அழைப்பைப் புகார் செய்யவும் உதவுகிற செயலிதான். ஆனாலும் எதிர்ப்பு கிளம்பிய வேகத்தில் டிசம்பர் 3-ஆம் தேதி உத்தரவு வாபஸ். தெருக் கேமராவுக்கு மாலை போட்டவர்களும் அந்த வாரம் கொதித்தார்கள். தெருவில் வைத்தால் அது அடுத்த வீட்டுக்காரரைப் பார்க்கிறது. போனில் வைத்தால் நம்மைப் பார்க்கிறது. நம் ஜனங்களின் பாதுகாப்புக் கொள்கை இவ்வளவுதான்.

நிஜமாகவே மடியில் கனமில்லாத ஒருவர் கதையும் இருக்கிறது. உத்தரப் பிரதேசத்துக் கரக் சிங். கொள்ளை வழக்கில் பிடித்தார்கள், ஆதாரம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். ஆனால் அவர் பேரில் ‘ஹிஸ்டரி ஷீட்’ என்கிற போலீஸ் கண்காணிப்புப் பதிவேட்டைத் திறந்து, நடு ராத்திரியில் கதவைத் தட்டி ஆள் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1962-இல் உச்ச நீதிமன்றம், ராத்திரி வீட்டுக்குள் நுழைவது கூடாது என்றது. ஆனால் நடமாட்டத்தைக் கண்காணிக்கலாம், அந்தரங்கம் அரசியல் சட்டம் உத்தரவாதம் தந்த உரிமை இல்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். நீதிபதி சுப்பா ராவ் ஒப்புக்கொள்ளாமல் தனியாக எழுதினார். அவர் சொன்ன பக்கத்துக்கு நாடு வந்து சேர 2017 ஆகஸ்ட் 24 வரை ஆனது. அன்றைக்கு 9 நீதிபதிகள் ஒரே குரலில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அந்த வழக்கைப் போட்டவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி. ஆதாரை எதிர்த்து 2012-இல் மனுப் போட்டபோது அவருக்கு வயது 86. அந்த மடியில் என்ன கனம் கண்டீர்?

ஆதார் என்றதும் ஜெராக்ஸ் ஞாபகம் வருகிறது. லாட்ஜில் அறை எடுக்க ஒரு ஜெராக்ஸ், முன்பெல்லாம் சிம் வாங்கவும் ஒரு ஜெராக்ஸ். கண்ட இடத்தில் நகலைக் கொடுக்காதீர்கள் என்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகமே 2022 மே 27-ஆம் தேதி எச்சரித்தது. இரண்டே நாளில், தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்பிருக்கிறது என்று அந்த எச்சரிக்கையை மத்திய அரசு திரும்பப் பெற்றது. மக்கள் சரியாகப் புரிந்துகொண்டுவிட்டார்கள் என்பதுதான் சிக்கல் என்று நினைக்கிறேன்.

உங்கள் தெருக் கேமராவுக்கு வருகிறேன். செயின் பறித்தவனை அதை வைத்துப் பிடிக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. என் பழைய கேள்வி, அந்தக் கேமரா எந்தப் பக்கம் திரும்பாது என்பது. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் ஒரு தந்தையையும் மகனையும் அடித்தார்கள், இருவரும் செத்துப்போனார்கள். ஸ்டேஷனில் கேமரா இருந்தது. ஹார்ட் டிஸ்க்கில் 1 டெராபைட் இடம் இருந்தும், அன்றன்றைய பதிவு தானாக அழிந்துபோகிற மாதிரி அமைத்து வைத்திருந்தார்கள் என்று விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தார். அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இன்னொரு வழக்கில், நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியும் பதிகிற கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நீங்கள் தெருவில் டீ குடிப்பது பத்திரமாகப் பதிவாகிறது. லாக்கப் பதிவு?

கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் அங்கேயும் ஒரு சங்கதி. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 என்று ஒன்று கொண்டுவந்தார்கள். உங்களைக் காப்பாற்றத்தான் என்றார்கள். அதே சட்டத்தை வைத்துத் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தி, ‘தனிப்பட்ட தகவல்’ என்று ஒரு வார்த்தை சொல்லி அதிகாரி மனுவைத் தள்ள வசதி செய்துகொண்டார்கள். 2025 நவம்பரிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. குடிமகன் மடியை அவிழ்த்துக் காட்ட வேண்டும், சர்க்கார் தன் மடியை இழுத்து முடிந்துகொள்ளும்.

இருந்தாலும் அதே தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள். உங்கள் தெருக் கேமராவின் பதிவு யார் கையில் இருக்கிறது, எத்தனை நாள் இருக்கிறது, உங்கள் ஊர் ஸ்டேஷன் கேமராவின் பதிவு எத்தனை நாள் இருக்கிறது என்று மூன்றே கேள்வி. கட்டணம் 10 ரூபாய். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை, 6(2) பிரிவு அப்படித்தான் சொல்கிறது. பழக்க தோஷத்தில் ஆதார் ஜெராக்ஸை இணைத்துவிடாதீர்கள்.